அம்மாவுக்கு ஒரு சுகர் டெஸ்ட்

ஹலோ… ஹலோ, அண்ணா? நான்தான்… ஆமா, நானேதான். மெசேஜ் அனுப்பாம கூப்பிட்டா நான் இல்லைன்னு ஆயிடுமா?… யாரும் சாகல. நான் போன் பண்ணினாலே யாரு போயிட்டாங்கன்னுதான் கேப்பியா?…

சத்தமா பேச முடியாது. லேபுக்குப் பின்னால படிக்கட்டுல நிக்கறேன். உள்ள போன் எடுத்துட்டுப் போகக் கூடாது… ஆமா, வேலை நேரம்தான். மணி பதினொண்ணு, தெரியும்… நீ எங்க இருக்கே? வீட்லயா?… அம்மா பக்கத்துல இருக்காங்களா?… உள் ரூம்லயா. சரி, நீ பால்கனிக்கு வா… வா, சொல்றேன். கதவைச் சாத்து… சாத்திட்டியா?

அண்ணா, ஒண்ணு கேக்கறேன். கோபப்படாம பதில் சொல்லு… நான் கோபப்படல. நீ படாதே… நீ தூக்க மாத்திரை போடறியா?

தூக்க மாத்திரை… சிரிக்காதே. நீ லாரி டயர்ல தலை வெச்சுக்கூட தூங்குவேன்னு எனக்குத் தெரியும். அதனாலதான் கேக்கறேன்… எதுக்குன்னா, உன் பாட்டில் இங்க வந்திருக்கு.

சாம்பிள் பாட்டில் அண்ணா. திங்கக்கிழமை அந்த ஸ்கூல் பஸ் கம்பெனியில, டிரைவர் வேலைக்கு உங்க பதினாலு பேர்கிட்டயும் சிறுநீர் எடுத்தாங்களே… அதேதான். அதெல்லாம் எங்க லேபுக்குத்தான் வருதாம்… எனக்கும் முன்னாடி தெரியாது. டப்பாவைத் திறந்தப்புறம்தான்… பேர் இருக்காது. அப்ளிகேஷன் நம்பர் மட்டும்தான். ஆனா அந்த அப்ளிகேஷனை உனக்கு உக்காந்து பூர்த்தி பண்ணினது யாரு? கடைசி நாலு நம்பர் எனக்கு மனப்பாடம்… ஆமா, தப்புதான். சொந்தக்காரங்க சாம்பிள்னா அப்பவே வேற ஆள்கிட்ட குடுத்துடணும். நாங்க தொடவே கூடாது. நான் தொட்டேன்… ஏன்னா? ரெண்டு வருஷமா கூப்பிட்டவங்க வண்டியெல்லாம் ஓட்டி அலைஞ்சே, மாசச் சம்பளம்னு இப்பத்தான் ஒண்ணு… விடு. அதை அப்புறம் பேசலாம்.

பாசிட்டிவ், அண்ணா… அப்படின்னா நல்லதில்ல. மாட்டிக்கிட்டேன்னு அர்த்தம்.

…இரு. இரு, இப்ப என்ன சொன்னே? மறுபடி சொல்லு… "கஞ்சாவா"ன்னு கேட்டே. நான் தூக்க மாத்திரைன்னுதானே சொன்னேன்? நடுவுல கஞ்சா எங்கேர்ந்து வந்துச்சு?

இல்ல, அது இல்ல. ரிப்போர்ட்ல கஞ்சா கட்டம் நெகட்டிவ். சுத்தம்… ஏன் இப்படிப் பெருமூச்சு விடறே?… அண்ணா… அண்ணா, நீ கஞ்சா இழுக்கறியா?

…சரி. ஒரே ஒரு தடவை. ஒரே ஒரு தடவை எத்தனை தடவை?… சனிக்கிழமை மட்டும். எத்தனை சனிக்கிழமை?… போன சனிக்கிழமை?… டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடியா!… இலைதானேன்னு சொல்லாதே. அரளியும் இலைதான். நீ ஓட்டப் போறது நாப்பது பிள்ளைங்க உக்காந்திருக்கற வண்டி. முன்னாடி ஒருத்தன் பிரேக் போட்டா, உன் கால் அரை நொடி தாமதமாப் போனா, அந்த அரை நொடிக்கு யாரு பதில் சொல்றது?… அன்னிக்கு மட்டும்தான் மந்தமா இருக்கும்னு யாரு சொன்னா உனக்கு? அதே நண்பனா? அவன் என்ன படிச்சிருக்கான்?… சரி, நான் மட்டும் படிச்சு என்னத்தைக் கிழிச்சேன். விடு.

ஆனா ஒரு நிமிஷம். சனிக்கிழமை இழுத்துட்டு திங்கக்கிழமை எப்படி நெகட்டிவ் வரும்? வாராவாரம் இழுக்கறவங்க உடம்புல அது கொழுப்புல ஒட்டிக்கும், அண்ணா. குடம் குடமா தண்ணி குடிச்சாலும் ரெண்டு நாள்ல போகாது…

அது உன்னோடது இல்ல.

பேசாதே. அது உன்னோடது இல்ல. யாரோடது?… நான் கேக்கறேன்ல, யாரோட…

…ஆமா மேடம். இல்ல மேடம், வீட்லேர்ந்து போன்… ரெண்டே நிமிஷம். பஸ் கம்பெனி ரிப்போர்ட்தானே? ரெடி மேடம். கையெழுத்து மட்டும்தான் பாக்கி… ஆமா, ஆமா, பன்னெண்டுக்குள்ள போயிடும்… சரிங்க மேடம்.

…போயிட்டாங்க. எங்க சீனியர். சொல்லு, யாரோடது?

…

அம்மாவோடதா?

நீ மனுஷன்தானா? எப்படி அண்ணா கேட்டே? என்னன்னு சொல்லி வாங்கினே?… சுகர் டெஸ்ட்… கம்பெனியில வீட்டுக்கு ஒருத்தருக்கு இலவசமா… அம்மாவும் நம்பி… நம்புவாங்க. இலவசம்னா கூட ஒரு பாட்டில் சேத்துக் குடுத்திருப்பாங்க… நான் சிரிக்கல. எனக்குச் சிரிப்பு வரல.

அது உடம்புச் சூட்டுல இருக்கணுமே. பாட்டில்ல ஒரு பட்டை ஒட்டியிருக்குமே, சூடு காட்டலேன்னா வாங்கவே மாட்டாங்களே. எதுல கொண்டு போனே?… பிளாஸ்க்லயா? எந்த பிளாஸ்க்?… நான் அங்க விட்டுட்டு வந்த காபி பிளாஸ்க்கா!… போதும். கழுவினியா இல்லையான்னு எனக்குத் தெரிய வேணாம். அதை நீயே வெச்சுக்கோ. என் அன்பளிப்பு.

ஏன் அம்மா?… "நம்ம வீட்லயே சுத்தமான ஆள்"… ஆமா… ஆமா, நானும் அப்படித்தான் நினைச்சிட்டிருந்தேன். சாயங்காலம் ஆனா உன் சட்டையை மோந்து பாக்கற அம்மா. ஸ்கூல்ல போதை எதிர்ப்புக் கட்டுரைக்கு மார்க் போடற அம்மா. தலைவலி மாத்திரையைக்கூட பாதியா உடைச்சுப் போடற அம்மா… அந்த தைரியத்துலதான் சனிக்கிழமையும் போய் இழுத்தியா? அம்மா பாட்டில் கையில இருக்கேன்னு?… பதில் வேணாம்.

புரியுதா உனக்கு? உனக்கு பாசிட்டிவ் இல்ல. அம்மாவுக்குத்தான் பாசிட்டிவ்.

…தெரியும், டாக்டர் குடுத்ததுதான். அப்பா போனப்ப. ராத்திரி ஒண்ணு, பத்து நாளைக்கு. பத்தே நாளைக்கு, அண்ணா. அப்பா போய் ஆறு வருஷம் ஆச்சு… "எல்லாரும்தான் போடறாங்க"ன்னா, எல்லாருமா இவ்வளவு போடறாங்க? முதல் டெஸ்ட்ல இருக்கா இல்லையான்னுதான் தெரியும். ரெண்டாவது மெஷின்ல ஓட்டினா எவ்வளவுன்னு தெரியும். நான் ரெண்டு தடவை ஓட்டினேன். மெஷின்தான் பைத்தியம் பிடிச்சு உளறுதுன்னு நினைச்சேன்.

அம்மாவை அப்படிச் சொல்லல நான்… சொல்லலேன்னு சொல்றேன்ல… சரி, நீயே சொல்லு, வேற என்ன வார்த்தை இருக்கு? போதைன்னா தள்ளாடிட்டு நடக்கணுமா? தெருவுல விழுந்து கிடக்கணுமா? இஸ்திரி போட்ட சேலை கட்டிக்கிட்டு, எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்திட்டே…

அண்ணா, இன்னிக்கு வியாழக்கிழமை. அம்மா ஏன் வீட்ல இருக்காங்க?

லீவா? அம்மாவா? கால்ல கட்டுப் போட்டப்பவே ஸ்கூலுக்குப் போனவங்க… என்ன உடம்புக்கு?… காய்ச்சலா? தொட்டுப் பாத்தியா?… சுடல, ஆனா வேர்க்குது. ஃபேன் போட்டும் வேர்க்குதா?… கை?… எப்பேர்ந்து?… பேப்பர் திருத்தறப்ப என்ன?… கூட்டல் வரலியா? அம்மாவுக்குக் கூட்டல் வரலியா? மூணு தடவை போட்டு மூணு விடை வந்துச்சா… பேனாவைத் தூக்கி எறிஞ்சாங்களா… தூக்கம்?… ரெண்டு ராத்திரியா ஒரு கண் மூடலியா! ஏன் எனக்கு யாரும் சொல்லல?… நான் இருக்கறது நாலு மணி நேரப் பயணம்தான் அண்ணா, வேற கிரகம் இல்ல.

அம்மாகிட்ட போனைக் குடு… ரிப்போர்ட் பத்திப் பேச மாட்டேன். உன்னைப் பத்தியும் பேச மாட்டேன். குடு.

அம்மா… நான்தாம்மா… ஒண்ணுமில்ல, சும்மா. யாருக்கும் ஒண்ணுமில்ல… சாப்பிட்டேன்… சாப்பிட்டேம்மா, ரெண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டேன்… நீங்க? ஏம்மா குரல் இப்படி நடுங்குது?… போன்ல கோளாறு இல்லம்மா… மெதுவாத்தான் பேசறேன்… சரி, இன்னும் மெதுவா. சத்தம் காதுல இடிக்குதா?… வெளிச்சமும் ஆகலியா. ஜன்னலைச் சாத்திட்டீங்களா…

அம்மா, அந்த நரம்பு மாத்திரை இருக்கே, ராத்திரி போடுவீங்களே… திட்டறதுக்குக் கேக்கல. சத்தியமா இல்ல. எத்தனை போடறீங்க?… ஒண்ணு. சரி… காலையில?… ஓ, ஸ்கூல் கிளம்பறப்ப ஒண்ணு. போர்டுல எழுதறப்ப கை ஆடக் கூடாதுன்னு… ஆமா, புரியுது… மத்தியானம்?… இல்லம்மா, குறுக்கு விசாரணை பண்ணல… சரி, என்னிக்காவது ஒரு நாள். வாரத்துல எத்தனை என்னிக்காவது?… தினமும்.

இல்லம்மா, கோபம் இல்ல. நேத்து போட்டீங்களா?… போடலியா?… முந்தாநாள்?… ஏம்மா?

…என்ன டெஸ்ட்?

…மாத்திரை போட்டா சுகர் டெஸ்ட் தப்பாக் காட்டும்னு… அண்ணாவா சொன்னான்?… எந்த மாத்திரையும் கூடாதுன்னு… ஆனா டெஸ்ட் திங்கக்கிழமையே முடிஞ்சுதேம்மா?… ரிசல்ட் வர்ற வரைக்கும்… மறுபடி கேட்டாலும் கேப்பாங்கன்னு… ஆமாம்மா, லேப்ல வேலை பாக்கறேன், எனக்குத் தெரிஞ்சிருக்கணும். ஆமா…

எந்த நாள்லேர்ந்து நிறுத்தினீங்க? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க… வெள்ளிக்கிழமை காலையிலேர்ந்து. அதுக்கப்புறம் ஒண்ணுகூட இல்லையா?… தெரியும்மா. நீங்க ஏமாத்த மாட்டீங்க. டெஸ்ட்னா டெஸ்ட்தான் உங்களுக்கு. தெரியும்…

இல்ல, நீங்க தப்பு ஒண்ணும் பண்ணல. உக்காருங்க. எழுந்து நடக்க வேணாம்… சரி, பாத்ரூம் போயிட்டு வாங்க. தாழ்ப்பாள் போடாதீங்க… சும்மாதான் சொல்றேன், போடாதீங்க. அண்ணாகிட்ட போனைக் குடுங்க.

அண்ணா. அம்மா பின்னாடியே போ. பாத்ரூம் வாசல்ல போய் நில்லு… ஏன்னு சொல்றேன், முதல்ல நில்லு. நிக்கறியா?

நீதான் அம்மாவை மாத்திரை போட வேணாம்னு சொன்னியா?… சளி மாத்திரைகூட டெஸ்ட்ல காட்டும்னு நண்பன் சொன்னான். சரி… உஷாரா இருந்திருக்கே. ரொம்ப உஷாரா. வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஆறு நாள் ஆச்சு. இன்னிக்கு ஏழாவது…

நல்லதுதானேங்கறியா? விட்டுட்டாங்களேங்கறியா?… இல்ல. கேளு. குறுக்க பேசாம கேளு. ஆறு வருஷமா அந்த மாத்திரை மூளையை அமுக்கிப் பிடிச்சிருக்கு. மூளையும் அந்தப் பக்கத்துலேர்ந்து எதிர்த்துத் தள்ளியே பழகிடுச்சு. ஒரு கதவை ரெண்டு பேர் ரெண்டு பக்கமும் தள்ளிட்டே நிக்கறாங்கன்னு வெச்சுக்கோ. ஒருத்தர் சட்டுனு கையை எடுத்துட்டா?… ஆமா. அதேதான். அதுதான் அந்த நடுக்கம், வேர்வை, கூட்டல் வராதது எல்லாம்… அதோட நின்னா பரவாயில்ல. வலிப்பு வரும், அண்ணா. உயிருக்கே ஆபத்து… போட்டாலும் ஆபத்து, விட்டாலும் ஆபத்துதான். குடிகாரங்களுக்கும் அப்படித்தான், திடீர்னு நிறுத்தினா. டாக்டர் பாத்துப் பாத்து, கொஞ்சம் கொஞ்சமா, மாசக்கணக்குல குறைக்கணும்… அத்தனை நாள் தாங்கினாங்களேன்னா, இது உடம்புல தேங்கி நின்னு மெதுவா வடியற மாத்திரை. அதனாலதான் மூணு நாள் நிறுத்தியும் உன் பாட்டில்ல வந்துச்சு. இப்பத்தான் வடிஞ்சு முடியுது.

இப்பவே ஒண்ணு குடுக்கவான்னா… நான் டாக்டர் இல்ல. நேரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ, அவங்க முடிவு பண்ணட்டும்… தூக்கிப் போடாதே! மாத்திரை அட்டையெல்லாம் எடுத்து வை, கொண்டு போகணும். எங்க வெச்சிருக்காங்க, தெரியுமா?… சாக்பீஸ் டப்பாவுலயா? உனக்கு எப்படித்… ஓ, பேனா தேடினப்ப. எத்தனை அட்டை இருக்கும்?… டப்பா நிறைய.

வெறும் காய்ச்சல்னு சொல்லக் கூடாது. அப்படிச் சொன்னா ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. என்ன மாத்திரை, எத்தனை, எத்தனை வருஷம், எப்ப நிறுத்தினாங்க, ஏன் நிறுத்தினாங்க, எல்லாம் சொல்லணும்… ஏன்ங்கறதும்தான். அம்மா தானா விட்டாங்களா, வேற ஏதாவதான்னு அவங்களுக்குத் தெரியணும்… அம்மா முன்னாடியேதான். வேற வழி?

…என்ன சொன்னே?

…ரிப்போர்ட்டை மாத்தி எழுதவா.

ஆமா. ஒரு கட்டம்தான். ஒரே ஒரு கட்டத்துல ஒரு டிக் இடம் மாறினா போதும். எனக்குத் தெரியாதா? காலையில எட்டரை மணியிலேர்ந்து அந்தக் கட்டத்தைத்தான் பாத்துட்டு இருக்கேன். ஒரு தடவை மாத்தியும் வெச்சேன். அப்புறம், எதுக்கும் உன்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுடலாம்னு போனை எடுத்தேன்… ஆமா, மாத்தினபடியே அனுப்பத்தான் இருந்தேன். அனுப்பியிருந்தா உனக்கு வேலை கிடைச்சிருக்கும், நான் இந்தக் கேள்வியெல்லாம் கேட்டிருக்கவே மாட்டேன், அம்மா அங்க உள்ள…

அண்ணா, அது என்ன சத்தம்? தண்ணியா?… எவ்வளவு நேரமா ஓடுது?

தட்டு. கதவைத் தட்டு… பேர் சொல்லிக் கூப்பிடு, அம்மான்னு கூப்பிடு, எதுவோ ஒண்ணு, சத்தமா… பதில் இல்லையா?… தள்ளு. தாழ்ப்பாள் போட்டுட்டாங்களா? சொன்னேனே நான்! இடி. தோளால இடி… போனைக் கீழ வெச்சுட்டு ரெண்டு கையாலயும் இடி…

…

அண்ணா?… அண்ணா, என்ன ஆச்சு?… கத்தாதே. என்ன பாக்கறேன்னு சொல்லு… ஆமா. ஆமா, வலிப்புதான். கேளு. கையைக் காலை அமுக்கிப் பிடிக்காதே. விடு, அது தானா அடங்கட்டும். தலைக்கு அடியில ஏதாவது வை… துண்டு இல்லேன்னா உன் சட்டையைக் கழட்டி வை. குழாயை நிறுத்து. பக்கத்துல இடிக்கற மாதிரி இருக்கற வாளி, முக்காலி, எல்லாத்தையும் தள்ளு… வாயில எதையும் வைக்காதே. பல்லைத் திறக்கப் பாக்காதே. தண்ணி வேணாம். மாத்திரையும் வேணாம், இப்ப எதுவும் வாய்க்குள்ள போகக் கூடாது. முடிஞ்ச அளவு ஒருக்களிச்சுப் படுக்க வை… எந்தப் பக்கமானாலும் சரி.

என்னை ஸ்பீக்கர்ல போடு. அம்மா போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிடு… லாக் நம்பர் தேவையில்ல, திரையில கீழ எமர்ஜென்சின்னு இருக்கும் பாரு… இருக்கா? கூப்பிடு. நான் இங்க மணி பாத்துட்டே இருக்கேன். அவங்க கேப்பாங்க…

ஆமா, வீட்டு நம்பரைச் சொல்லு… மாடின்னு சொல்லு… வலிப்புன்னு சொல்லு…

ஒரு நிமிஷம் ஆச்சு, அண்ணா.

…

ஒண்ணரை. அம்மா பக்கத்துலயே உக்காரு. தலை தரையில படாம பாத்துக்கோ…

…

ரெண்டு… குறையுதா?… நின்னுடுச்சா? மூச்சு? மார்பு ஏறி இறங்குதா பாரு… குறட்டை மாதிரியா? பரவாயில்ல, அப்படித்தான் வரும். அப்படியே ஒருக்களிச்சே இருக்கட்டும். எச்சில் வெளிய வழியட்டும், துடைச்சுவிடு… எத்தனை நிமிஷத்துல வருவாங்களாம்?… எட்டா. சரி. எட்டு நிமிஷம். எட்டு நிமிஷம் ஒண்ணும் பெரிசில்ல…

மேடம், வரல மேடம், இப்ப வர முடியாது… அந்த ரிப்போர்ட்டை அனுப்பாதீங்க… தெரியும், பன்னெண்டு மணின்னு சொன்னேன். அனுப்பாதீங்க மேடம், அது தப்பு. நான் வந்து சொல்றேன்… இல்ல, நான் கையெழுத்துப் போட மாட்டேன்… எங்கம்மாவுக்கு வலிப்பு மேடம். அண்ணன் போன்லதான் இருக்கான்… தண்ணியா? வேணாம் மேடம்… சரி, குடுங்க.

…இருக்கேன் அண்ணா. எங்கயும் போகல. மேடம் தண்ணி கொண்டு வர்றாங்க… ஆமா, மாட்டேன்னு சொல்லிட்டேன். நான்தான். வாய் இருக்குன்னு எனக்கே இப்பத்தான் தெரியுது… அழாதே… சரி, அழு, சத்தமில்லாம அழு. அம்மா காதுக்குக் கேக்கும்.

நீ மட்டும் இல்ல. கேளு. டாக்டர் எழுதின அந்த முதல் சீட்டை மருந்துக்கடைக்குக் கொண்டு போனது நான்தான். பத்து நாள் முடிஞ்சதும் அம்மா மறுபடி கேட்டாங்க. அதே சீட்டை நீட்டினேன். குடுத்தாங்க. அடுத்த மாசமும் நீட்டினேன். ரெண்டு வருஷம், வேலைக்கு இங்க வர்ற வரைக்கும், நான்தான் வாங்கிக் குடுத்தேன். அப்புறம் அம்மாவே வெவ்வேற கடையில வாங்கப் பழகிட்டாங்க போல… பத்து நாள்னு அதுல எழுதியிருந்துச்சு, அண்ணா. நான் படிச்சேன். ரசாயனம் படிச்சவளுக்கு அது படிக்கத் தெரியாதா? அம்மா தூங்கினாங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும்னு இருந்துச்சு. நீயும் நானும் பரீட்சைக்குப் படிக்கணும், வீடு அமைதியா இருந்துச்சு…

சத்தியம் எல்லாம் பண்ணாதே. யாரு கேட்டா? சனிக்கிழமை சாயங்காலம், இழுக்கணும்னு கை துறுதுறுங்கும்ல, அப்ப எனக்குப் போன் பண்ணு. மெசேஜ் வேணாம், போன் பண்ணு… என்ன பேசறதுன்னா? ஏதாவது திட்டு. பிளாஸ்க் கேட்டு நான் உன்னைத் திட்டறேன்.

ஆறு நிமிஷம் ஆச்சு. அம்மா எப்படி?… கண்ணை அசைக்கறாங்களா. பேர் சொல்லிக் கூப்பிடாதே, தானா வரட்டும்… சட்டையை எடுக்காதே. தலைக்கு அடியிலயே இருக்கட்டும்… என்ன வாசனை வந்தா என்ன இப்ப!

…வந்துட்டாங்களா? கதவைத் திற. போனைக் கட் பண்ணாதே, கையிலயே வெச்சுக்கோ. அட்டை எடுத்து வெச்சியா? டப்பாவோட குடுத்துடு…

கேக்கறாங்க பாரு. எத்தனை நேரம்னு கேக்கறாங்க. ரெண்டு நிமிஷம்னு சொல்லு… மாத்திரை எத்தனைன்னு… மூணு. காலையில, மத்தியானம், ராத்திரி. ஆறு வருஷம்… எப்ப நிறுத்தினாங்கன்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழமை…

ஏன்னு கேக்கறாங்க, அண்ணா.

…

சொல்லு.

…

…

கேட்டுச்சு… ஆமா, எனக்கும் கேட்டுச்சு. முழுசாச் சொன்னே. என்னோடதையும் சேத்துக்கோ, அந்தப் பழைய சீட்டை… சொல்லிட்டியா. சரி… என்ன சொல்றாங்க?… ஊசி போடறாங்களா. போடட்டும், அவங்களுக்குத் தெரியும். சொன்னதாலதான் எந்த ஊசின்னு தெரியுது…

கண்ணைத் திறந்துட்டாங்களா? உன்னைத் தெரியுதா?… ஏதோ கேக்கறாங்களா? காதை வெச்சுக் கேளு. மெதுவா…

…

சுகர் ரிசல்ட் வந்துடுச்சான்னா?

…

வந்துடுச்சுன்னு சொல்லு, அண்ணா… இப்ப அவ்வளவு போதும். மீதியை ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து சொல்லலாம். நான் ரெண்டு மணி பஸ்ல வர்றேன்… வேலை இருந்தாலும் அந்த பஸ்தான், இல்லாட்டியும் அந்த பஸ்தான்… ஏறு. நீயும் வண்டியில ஏறு, அம்மா கையைப் பிடிச்சுக்கோ. சட்டை இல்லேன்னா பரவாயில்ல, ஏறு.

மேடம் தண்ணியோட நிக்கறாங்க. நீ சொல்லிட்டே. இனி நான் உள்ள போய்ச் சொல்லணும்… பயமாத்தான் இருக்கு. வெச்சுடறேன்.